வெறுங்கண்ணால் பார்த்த ஒளி

கஞ்சிக்கோட்டில் எங்கள் கம்பெனிக்கு லேசர் மிஷின் வந்தது 1978-இல். கைக்கடிகாரத்துக்குள் வைக்கும் கடுகளவு கற்களில் மயிரிழை ஓட்டை போடுகிற மிஷின். ஜெர்மனியிலிருந்து வந்த என்ஜினியர் இரண்டு வாரம் தங்கி அதை நிறுவிக் கொடுத்தார். கிளம்புகிற அன்று, இங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் சென்னிமலையின் பெயரைச் சொன்னோம். சென்னிமலை அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்.

நல்லேப்பிள்ளிக்காரர், பதினைந்து வருஷமாக வெல்டர். வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு, கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல் துடித்து, பிள்ளை பெற்ற வீட்டில் தாய்ப்பால் கேட்டு வாங்கி விட்டுக்கொண்ட அனுபவம் அவருக்கு உண்டு. அதனால் நாங்கள் விளையாட்டாகத் தலையில் கட்டிவிட்ட பதவியை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய இடைஞ்சலாகப் போயிற்று.

மிஷினின் சாவியும் இரண்டு பச்சைக் கண்ணாடிகளும் அவர் வசம். மிஷின் ஓடும்போது கண்ணாடி போடாமல் யாரும் அறைக்குள் வரக் கூடாது. பளபளப்பான சாமான் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஒளி அதில் பட்டுத் திரும்பி எவர் கண்ணில் வேண்டுமானாலும் பாயும் என்பார். அந்த ஒளி கண்ணுக்கே தெரியாது என்றும் சொல்வார். தெரியாத வெளிச்சம் எப்படிக் கண்ணைக் கெடுக்கும் என்று கான்டீனில் கேட்டுச் சிரிப்போம். கெட்ட பிறகு தெரியும் என்பார். நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. என் வாட்சைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னவர் மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது.

மிஷினை ஓட்டுகிற சாந்தம்மாளுக்கு ஒரு கண்ணாடி. பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டிய சென்னிமலைக்கு ஒன்று. கல் எடுத்துக் கொடுக்கிற சின்னத்தாய்க்கு இல்லை. அவள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கையை மட்டும் பின்னால் நீட்டினாள். இதைப் பொறுக்காமல் சென்னிமலை ஆறு மாதம் மானேஜர் பின்னால் அலைந்து, இன்னொரு கண்ணாடிக்கு ஆர்டர் எழுத வைத்தார். முதலாளியின் கையெழுத்து மட்டும் பாக்கி.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு முதலாளி பழனிச்சாமி கோயமுத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்தார். லேசர் மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, உடம்பெல்லாம் ஜிகினாத் தாள் சுற்றி, முன்னால் எவர்சில்வர் தட்டில் பொரிகடலை வைத்திருந்தார்கள். சென்னிமலை வந்து பார்த்தபோது மிஷின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. பூஜை முடிந்ததும் ஒவ்வொரு மிஷினையும் ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டுவது எங்கள் வழக்கம். குழந்தை குட்டியோடு நாற்பது பேர் அறைக்குள் நெருக்கியடித்து நின்றோம். முதலாளி எல்லோருக்கும் முன்னால் போய் நின்று, ஓட்டச் சொன்னார்.

மாட்டேன் என்றால் வேலை போகும். ஓட்டினால் யார் கண் போகும் என்று சொல்ல முடியாது. சென்னிமலை தண்ணீர்ப் பம்பை மட்டும் போட்டார். மிஷினைக் குளிர வைக்கிற பம்பு அது. உர்ரென்று சத்தம் வரும், வேறொன்றும் வராது. ஓடுகிறது என்றார்.

முதலாளி கைகூப்பினார். என்ன பிரகாசம் என்று மெய்மறந்து சொன்னார். அவர் மனைவிக்கு அது நீலமாகத் தெரிந்தது. மானேஜர் சிவப்பு என்றார். நானும் பார்த்தேன், எனக்குப் பச்சையாக இருந்தது. சாந்தம்மாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாற்பது பேர் கண்ணும் தப்பித்த நிம்மதி சென்னிமலைக்கு ஒரு மணி நேரம்தான் நீடித்தது. சாப்பாடு முடிந்ததும் மானேஜர் அந்த ஆர்டரை நீட்டினார். முதலாளி அதில் குறுக்கே ஒரு கோடு போட்டார். ஒரு முழம் தள்ளி நின்று வெறுங்கண்ணால் பார்த்தவனுக்கே ஒன்றும் ஆகவில்லை, கல் எடுத்துக் கொடுக்கிறவளுக்குச் சீமைக் கண்ணாடி எதற்கு என்று கேட்டார்.

சென்னிமலையின் முகம் செத்துப் போயிற்று. நாற்பது பேரைக் காப்பாற்றிய பொய் சின்னத்தாயைக் காட்டிக் கொடுத்துவிட்டது. பிறகு முதலாளியின் மேஜைக்கு முன்னால் போனார்.

"முதலாளி, மன்னிக்கோணுங்க. மிஷினு ஓடவே இல்லீங்க. வெறும் தண்ணிப் பம்பைத்தான் போட்டனுங்க. நீங்க ஒரு வெளிச்சத்தையும் பாக்கலீங்க."

வேலை போயிற்று என்றுதான் நினைத்தோம். முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏப்பா சென்னிமலை, எங்கண்ணால பாத்தனப்பா. ஒரு கண்ணாடிக்காக இப்பிடியா பொய் சொல்லுவே?"

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்று கேட்டார். மானேஜர் பார்த்தேன் என்றார். சென்னிமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்வதுதான் நிஜம் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் பார்த்தேன் என்று சொன்னேன்.

லீவு முடிந்து மிஷின் ஓடிய முதல் நாளே சென்னிமலை தன் கண்ணாடியைச் சின்னத்தாய்க்கு மாட்டிவிட்டார். ரிட்டையர் ஆகும்வரை, மிஷின் ஓடும்போது அவர் அறைக்குள் போகவில்லை. மூடிய கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். லேசர் ஃபைலில், வெறுங்கண்ணால் பார்த்துச் சோதித்ததில் ஆபத்து ஏதும் இல்லை என்று மானேஜர் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அதன் கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது.