லிப்டுக்கு மட்டும் எழுந்த கால்

லிப்ட் மெக்கானிக்குக் காபி பிடிக்காமல் போய்விடவில்லை. மனைவி கையில் கொண்டுவந்து கொடுத்தால் கண்ணை மூடி ரசித்துக் குடித்தார். சமையலறை மேடையில் வைத்துவிட்டால் மட்டும் அது ஆறி ஆடை கட்டும். எழுந்து போய் எடுத்தால் என்ன என்று அவருக்கே தோன்றும். தோன்றுவதோடு சரி.

"மகாராஜாவுக்கு ஊட்டி வேற விடணுமா?" என்று அவளும் கேட்டுப் பார்த்தாள். போகப் போக அந்தக் கேலியும் வற்றிவிட்டது.

ஒரு மதியம் அவள் சோப்பு வாங்கக் கீழே போயிருந்த நேரம், குடியிருப்பின் லிப்ட் நடுவழியில் நின்று மணி அலறியது. படியேறி மூச்சு வாங்க வந்தவள் பார்த்தது, அவர் நாளெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நாற்காலி காலியாகக் கிடந்ததை. மனுஷன் வெளியே லிப்ட் முன்னால் மண்டியிட்டு, அதன் கதவை நெம்பித் திறந்து, எதிர்வீட்டுக்காரரைக் கைகொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அன்றே அவள் மனம் விட்டுப்போயிற்று. லிப்டுக்கு எழுகிற கால் பெண்டாட்டிக்கு எழாதாம். அண்ணன் வீட்டோடு போய்விடத் துணிமணியைப் பையில் அடுக்கினாள். போகுமுன் அவரை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டால் கடமை தீர்ந்தது.

டாக்டர் அவரை விரல் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார்.

"இது சோம்பேறித்தனம் இல்லம்மா. இவ்வளவு பாடுபட்டா இவ்வளவு கிடைக்கும், படலாமா வேண்டாமான்னு மூளை ஒரு கணக்குப் போடும். அதுல டோபமைன்ங்கிற மூளை ரசாயனத்துக்குப் பெரிய பங்கு. அது குறைஞ்சா ருசி அப்படியேதான் இருக்கும். எழுந்து போறது மட்டும் மலையாத் தெரியும்."

மெக்கானிக்கின் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஓர் ஆர்வம்.

"எங்க லிப்டுல கரண்ட் வந்தாதான் டாக்டர் பிரேக் விடும். இல்லேன்னா கவ்விக்கும். மோட்டார் மேல தப்பே இருக்காது. அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப அன்னிக்கு லிப்டுக்கு மட்டும் எங்கேர்ந்து கரண்ட் வந்துச்சாம்?" என்றாள் அவள்.

"ரொம்பப் பெரிய விஷயம்னா சில சமயம் எழுந்துடுவாங்க. எப்படின்னு எங்களுக்கே முழுசாப் பிடிபடல."

பெரிய விஷயம். அவளுக்குச் சுருக்கென்றது. மெக்கானிக் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"உள்ள மாட்டிக்கிட்டது நீன்னு நெனச்சேன்."

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லணும்னு தோணுச்சு," என்றார். "தோணினதோட சரி."

மருந்துச்சீட்டை அவள்தான் வாங்கி மடித்துக்கொண்டாள்.

"மாத்திரைய நான் கையில தந்துடுவேன். காபிய நீங்கதான் வந்து எடுத்துக்கணும்."