'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிய கை

எஹலியகொட கடைத்தெருவில் நகம் ஒட்டும் கடையொன்றைத் தாண்டும்போது அக்ரிலிக் நெடி மூக்கில் குத்தியது. மகளுக்குச் செருப்பு வாங்கப் போனவள் நான். செருப்பை மறந்து அந்த வாசலிலேயே நின்றுவிட்டேன். பயத்துக்கு ஒரு வாடை உண்டு என்றால் சிரிக்காதீர்கள்.

என் மேற்படிப்பு முழுக்க அந்த நெடிதான். பல் டாக்டரான பிறகும் படிப்பு ஓயவில்லை. தாடை எவ்வளவு விசையோடு கடிக்கிறது, அந்த விசை எலும்புக்குள் எப்படிப் பரவுகிறது, இதுதான் ஆராய்ச்சி. விசையை அளக்க ஒரு தகடு. அதற்கு மேலும் கீழும் நானே அக்ரிலிக் வார்த்து உறை போட்டேன். கொஞ்சம் தடித்துப் போயிற்று. நான் சுடும் தோசையும் அப்படித்தான்.

அளக்க ஆள் வேண்டுமே. யட்டியாந்தோட்டைப் பக்கம், நான் பிறந்த றப்பர் தோட்டத்துக்கே போனேன். விடியுமுன்னே பால் வெட்டப் போகிறவர்கள் அங்கே கன்னத்தில் வெற்றிலை பாக்கை அடக்கிக்கொள்வார்கள். பசி தெரியாது, காலில் அட்டை ஏறினால் அதன்மேல் துப்பவும் உதவும். மென்று மென்று இரும்பான தாடைகள் என்று நினைத்துக்கொண்டேன், மேதை நான்!

வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் வரிசை நின்றது. "சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரியில்ல பாக்குறீங்க! எத்தன லீட்டர் கறப்பேன்னு சொல்லுங்க" என்றார் செல்வமணி அக்கா. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த காம்பராக்காரர், சுவருக்கு அந்தப்பக்கத்து அறை. சின்ன வயதில் எனக்குப் பேன் பார்த்தவர். மடுவமே சிரித்தது.

தகடு அவர் கடைவாய்க்குப் போகவில்லை.

"ஆ காட்டுங்கக்கா."

"காட்டுறேன்ல தங்கச்சி."

"இன்னும் பெருசா."

"இவ்வளவுதான் வருது."

வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். என் தகடுதான் தடிப்பு என்றும் நினைத்தேன். தாளில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நாலு மாதம் கழித்து அந்தத் தாளைப் பார்த்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வாய்க்குள்ள எத்தனை விரல் போச்சு?"

மூன்று போக வேண்டும். நான் ஒன்றைக்கூட வைத்துப் பார்க்கவில்லை. பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நாராய் இறுக்கும். வாய் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பூட்டிக்கொள்ளும். சிலருக்குப் புற்றில் போய் முடியும். எப்போதோ படித்துப் பாஸான பாடம். விசையை அளக்கப் போனவள் வாயைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே பஸ் ஏறினேன். லயத்து வாசலில் வைத்து அக்கா வாய்க்குள் ஒரு விரலை நுழைத்தேன். அடுத்ததற்கு இடமில்லை. கன்னம் உள்ளே பலகையாய் இருந்தது. ஓரத்தில் தடித்த புண்.

"கொச்சிக்கா காரம் பட்டா எரியும், வேற ஒண்ணுமில்ல."

"எப்பயிருந்துக்கா?"

"நீங்க தகட்டக் கொண்டாந்தப்பவே இருந்துச்சே. டாக்டரு நீங்க ஒண்ணும் சொல்லல, அப்ப ஒண்ணுமில்லன்னு இருந்துட்டேன்."

இப்போது அந்த மலையில் றப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. மடுவத்துக் கூரையும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போன செல்வமணி அக்கா லயத்துக்குத் திரும்பவேயில்லை.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகுமுன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். பல்லிடுக்கில் வந்தது குரல்.

"தங்கச்சி, நான் கூப்புட்டா கேக்குற தூரத்துல நில்லுங்க."