சிக்கனம் கட்டிய கடன்

எங்கள் பார்லரில் நான்கு நாற்காலிகள். வாசலிலிருந்து மூன்றாவது அவளுடையது, நான்காவது என்னுடையது. அவளுக்குச் சிக்கனம் என்று பெயர் வைத்தவள் நான்தான். ஒன்பது வருடம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு முடி வெட்டியவளுக்குக் கேலிப் பெயர் வைக்க எனக்கு உரிமை உண்டு, அதை யாரும் கேட்க முடியாது. சாயம் தீர்ந்துபோன டியூபின் கழுத்தைக் கத்தரித்து, உள்ளே ஒட்டியிருப்பதையும் வழித்தெடுப்பாள். "விட்டா அந்த டியூபையே அலசிக் குடிச்சிடுவ போலிருக்கே" என்பேன். சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அடுத்த டியூபை வழிப்பாள்.

முன்பு அவள் அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆளைப் பார்த்தால் பளிச்சென்று இருப்பாள். கிரெடிட் கார்டு கைக்கு வந்த வருடம் கேட்கவே வேண்டாம். ஜன்னல் திரை வாங்கினாள், தோல் பை வாங்கினாள், மகளுக்கு ஒரு கீபோர்டு வாங்கினாள், முழங்கால் வரை வரும் பூட்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து கடை முழுக்க நடந்து காட்டினாள். சம்பாதிக்கிறவள் வாங்கினாள், இதில் எவனுக்கு என்ன நஷ்டம் என்று நான்கூட எண்ணினேன்.

ஒருநாள் முகம் வெளிறிப்போய் வந்து நின்றாள். அவள் வீட்டுக்காரர் முந்தின நாள் அவளை உட்காரவைத்து, கார்டில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். தொகையை என் காதில் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏண்டி, அவ்வளவுக்கு என்னதான் வாங்கின?"

"அதான் எனக்கும் புரியல. நினைச்சு நினைச்சுப் பார்க்கறேன், கணக்கு வரல. வட்டி ஏறிடுச்சுன்னு சொல்றார்."

"பேங்க்ல இருந்து வர்றதைப் பார்த்தியா?"

"அதைப் பிரிக்கவே பயமா இருக்கு. அவரே பார்த்துக்கறேன்னுட்டார். ஒரு வார்த்தை திட்டலடி. தலையைத் தடவிக் குடுத்து, போகட்டும் விடு, சேர்ந்து கட்டிடலாம்னார். எனக்குத்தான் செத்துடலாம் போல இருந்துச்சு."

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனுஷனை அன்றைக்கு நாங்கள் எல்லாருமே மெச்சினோம். டயர் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். குரலை உயர்த்த மாட்டார். மழை பெய்தால் குடையோடு வந்து வாசலில் நிற்பார். என் வீட்டிலும் ஒன்று இருந்ததே, குடையை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் தனியாகப் போகிற ஜென்மம். அதனால் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அன்றிலிருந்து சனிக்கிழமை ஆனால் சம்பளமும் டிப்ஸும் ஒரு காசு குறையாமல் அவர் கைக்குப் போயிற்று. அவள் கைச்செலவுக்கு என்று அவர் கொஞ்சம் திருப்பித் தருவார். மீதி கார்டுக்கு. பூட்ஸை விற்றாள். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போவதை நிறுத்தினாள். எங்களோடு டீ குடிக்க வந்தால் காசு கொடுக்க வேண்டுமே என்று, அந்த நேரத்துக்குத் துண்டு துவைக்கப் போய்விடுவாள். மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டு, பின்கட்டில் தலை அலசும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். குழந்தை என்ன பாவம் செய்தது, நான் தருகிறேன் என்றேன். "வேண்டாம்டி. கைநீட்டி வாங்கின புத்திக்கு இதெல்லாம் அனுபவிக்கணும்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவள் மண்டையிலேயே ஒரு கொட்டு வைத்திருப்பேன்.

அவள் நாத்தனார் ஒருத்தி. கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், எங்களிடம்தான் முடி வெட்டிக்கொள்வாள். வாய் ஓயாது. "எங்க அண்ணி கையில பணத்தைக் குடுத்தா அது மறுநாள் விடியறதைப் பார்க்காது" என்று கடை அதிரச் சிரிப்பாள். அண்ணிக்காரி அவள் தலையைத்தான் அப்போது கையில் வைத்திருப்பாள். நானாக இருந்தால் காதோரம் கொஞ்சம் ஏற்றி வெட்டியிருப்பேன். இவளோ, "ஆமா, என் கை அப்படி" என்று தானும் சேர்ந்து சிரிப்பாள்.

இப்படியே நான்கு வருடம் ஓடிற்று. போன குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"முடிஞ்சுடுச்சுடி! நேத்து சொன்னார். ஒரு பைசா பாக்கி இல்ல!"

முதலாளியம்மா முதற்கொண்டு எல்லாரும் கைதட்டினோம். நாற்காலியில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்த ஒரு வாடிக்கையாளரும் என்ன ஏது என்று தெரியாமல் தட்டினார்.

அதற்குப் பிறகுதான் அந்த அறை வந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரில், மாடிப்படிக்குக் கீழே, பூட்டுச் சாவி செய்கிறவர் காலி செய்த அறை. இரண்டு நாற்காலி போடலாம். பின்னால் தண்ணீர்க் குழாய் உண்டு. அவள் ஒருநாள் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். கார்டுக்கு மாதாமாதம் போன பணம் இனி மிச்சம்தானே, ஆறு மாதம் சேர்த்தால் முன்பணம் ஆகிவிடும், ஒரு நாற்காலி எனக்கு, இன்னொன்று உனக்கு என்றாள். அறைக்காரர் அவ்வளவு நாள் பொறுக்க மாட்டார், மாத முடிவுக்குள் பாதியாவது வேண்டும் என்று கேட்டிருந்தார். அவளுக்கு வயது நாற்பத்தைந்து. முதலாளியம்மா கடையை மகனுக்குத் தரப்போகிறாள், அவன் வந்தால் முதலில் எங்களைத்தான் அனுப்புவான். இந்த அறையை விட்டால் இன்னொன்று அமையப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அவர்கிட்ட நீயும் வந்து சொல்லுடி. நான் கேட்டா, திரும்ப ஆரம்பிச்சுட்டாளோன்னு பயப்படுவார்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். சின்ன வீடு, துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மேசைக்கு ஒருபக்கம் அவர், எதிரில் நாங்கள். நான் அறையைப் பற்றி, வாடகையைப் பற்றி, எங்களுக்காகக் கூடவே வரக்கூடிய வாடிக்கையாளர்களைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"இப்பதான் கரையேறியிருக்கோம். அதுக்குள்ள எதுக்கும்மா? உன் கையைப் பத்தி உனக்கே தெரியும்."

அவள் உடனே தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கதவு மணி அடித்தது. நாத்தனார்தான். கையில் ஒரு பை பழத்தோடு, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள்.

"அக்காவும் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு. அண்ணா, ஒரு உதவி. கடையில மெஷின் மக்கர் பண்ணுது, புதுசு எடுக்கணும். போன தடவை மாதிரியே உங்க கார்டுல போட்டுக் குடுத்துடுங்களேன். மாசாமாசம் ஒழுங்காக் கட்டிடறேன். போன தடவை ஒரு மாசமாவது தவறியிருக்கேனா, நீங்களே சொல்லுங்க."

சிக்கனம் தலையைத் தூக்கினாள். "எந்தக் கார்டு?"

"என்ன அண்ணி, தெரியாத மாதிரி கேக்கறீங்க? அந்தப் பெரிய கலர் மெஷின். உங்க ரெண்டு பேருக்கும்தான் நான் கோயில் கட்டணும். ரெண்டே வருஷத்துல மொத்தமும் அண்ணன் கையில குடுத்து முடிச்சுட்டேன்ல."

அவருடைய முகத்தைப் பார்த்தேன். வியர்த்திருந்தது. நாத்தனாருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது போலிருக்கிறது. "அண்ணா, அண்ணிகிட்ட சொன்னீங்கதானே? சொல்லிட்டேன், அவ சரின்னுட்டான்னு சொன்னீங்களே?"

பிறகு இவள் கேட்டாள். குரல்கூட உயரவில்லை.

"அந்தக் கடன்ல என்னோடது எவ்வளவுங்க?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்..."

"எவ்வளவு?"

கணக்கு எழுதுகிற மனுஷன் அல்லவா, விரல் நுனியில் வைத்திருந்தார். "ஏழுல ஒரு பங்கு இருக்கும்."

"மீதி?"

"மெஷினு. அதுக்கு வட்டி."

"அதை இவ குடுத்துட்டாளே. அப்புறம் நான் எதைக் கட்டினேன்? கடன் எப்ப முடிஞ்சுது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்: "முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது."

அடப்பாவி! எனக்கு உச்சந்தலை வரை ஏறிற்று. ரெண்டு வருஷம்! அந்தச் சுற்றுலா போன வருடத்துக் கதை. டீக்கு வராமல் துண்டு துவைத்தது நேற்று வரைக்கும். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டேன். "பணத்தை என்னய்யா பண்ணின, எவளுக்குக் குடுத்த?" என்று கத்தினேன். மரியாதையெல்லாம் பறந்து போயிற்று.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து, திரையை அவள் முன்னால் நீட்டினார். "பாரு. ஒரு காசு போகல. அப்படியே இருக்கு, வட்டியோட இருக்கு. குடிச்சேனா, சூதாடினேனா? எல்லாம் உனக்காகத்தான். மெஷின் விஷயத்தைச் சொல்லியிருந்தா நீ அடங்கியிருப்பியா? பயம் இருந்தாத்தான் உனக்குக் கை நிக்கும். அதனாலதான் சேர்ந்துது. ஒரு நல்ல தொகை ஆகட்டும்னு இருந்தேன். இந்தா, எடுத்துக்க. அறை எடுத்துக்க, போ."

அந்த ஆளுடைய முகத்தில் குற்றவுணர்ச்சி என்று ஒன்று துளிக்கூட இல்லை. நல்லது செய்தவன் பேச்சு வாங்குகிறானே என்ற வருத்தம்தான் இருந்தது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி. எத்தனை பேர் முன்னாடி உங்களைக் கிண்டல் பண்ணேன்" என்று இவள் கையைப் பிடித்தாள். இவள் கையை உருவிக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"நான் ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு நினைப்பேங்க" என்றாள் அவரிடம். "என்னென்ன வாங்கினேன்னு. திரை, பை, பூட்ஸ்னு எண்ணுவேன். எண்ணி முடிச்சாலும் கணக்கு வராது. சரி, எனக்கு ஞாபகமே இல்லாம வாங்கியிருக்கேன், என் புத்தி அவ்வளவு கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். பக்கத்துல படுத்திருந்தீங்க. முழிச்சுதான் இருந்தீங்க. தட்டிக் குடுத்தீங்க."



அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளாதே, அவன் மூஞ்சியில் எறி என்று சொல்ல வாய் துடித்தது. எறிவதாவது! அது அவள் நின்று நின்று கால் நரம்பு புடைத்துச் சம்பாதித்த பணம். எடுடி என்றேன். எடுத்தாள். மறுநாளே வங்கிக்குப் போய்த் தன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, அவரை நிற்கவைத்து மொத்தத்தையும் மாற்றச் சொன்னாள். அறைக்கு முன்பணம் கட்டினோம். அவரை விட்டு வந்துவிடு என்று நான் சொல்லிப் பார்த்தேன். மகள் படிப்பு முடியட்டும் என்றாள். ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். குடையோடு அவர் இன்னமும் வருகிறார். இவள் நனைந்துகொண்டு போகிறாள்.

போன வாரம் சுவருக்குக் கண்ணாடி வாங்கப் போனோம். நாற்காலி வந்துவிட்டது, தொட்டி பொருத்தியாயிற்று, கண்ணாடி ஒன்றுதான் பாக்கி. கடையில் நல்லதாக ஒன்று இருந்தது. சுற்றிலும் விளக்கு வைத்தது, ஆள் உயரம். விலை அதிகம்தான். ஆனால் எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலை. அவள் பணம், அவள் கடை, அவளே சொல்லட்டும் என்று ஒதுங்கி நின்றேன்.

அவள் கண்ணாடியின் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். தள்ளி நின்று பார்த்தாள். கடைக்காரர் பில் போடட்டுமா என்றார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு மூலைக்குப் போய்ப் போனை எடுத்தாள். அறைக்காரரிடம் அளவு கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"என்னங்க, கண்ணாடி ஒண்ணு பார்த்தேன். கொஞ்சம் விலை கூடத்தான். வாங்கிக்கட்டுமா?"

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வாங்கிக்கொள் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் இவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "தேங்க்ஸ்ங்க" என்றாள்.

திரும்பியவள் என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த போனைப் பார்த்தாள். என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கடை நடுவில், அத்தனை கண்ணாடிகளுக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பணத்தை ஒளித்ததைக்கூட அந்த ஆளுக்கு நான் மன்னித்துவிடுவேன். அவள் முகம் மலர்ந்ததே, அதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.