பரண்மேல் கரிமருந்து

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் கதினா வெடிப்பது அண்ணன்தான். இரும்புக் குற்றிகளில் கரிமருந்து என்கிற வெடிமருந்தை அடைத்து அவன் வரிசையாகக் கொளுத்தினால் நாலு ஊருக்குக் கேட்கும். அனுமதி வாங்கித்தான் மருந்து வரும். வந்ததை எங்கே வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் ஓயாத சண்டை. நான் வேதியியல் படித்தவள், சும்மா இருப்பேனா?

போன கோடையில், வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்ற என் கட்சி ஜெயித்துவிட்டது என்றே நம்பினேன். தென்னந்தோப்பின் கடைசியில் சின்னதாக ஓர் ஓட்டுப்புரை கட்டினோம். உள்ளே ஆயினிப் பலகைப் பெட்டி. இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று ஆசாரியின் பக்கத்திலேயே நின்று, ஆணியைக்கூடப் பித்தளையில் அடிக்க வைத்தேன். அண்ணன் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வைத்தான். வாயைத் தைத்திருந்தான். காற்றுப் பட்டால் கெடுமாம், அதுவும் சரிதானே! பெட்டியைப் பூட்டிச் சாவியை என்னிடம் நீட்டினான்.

"இந்தா, ஆபீசரம்மா. நீயே வச்சுக்கோ."

எவ்வளவு பெருமை எனக்கு!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் பெண்டாட்டி, என் மைனியின் குழந்தைக்குச் சோறு கொடுக்கும் சடங்கு வந்தது. வெண்கல உருளி எடுக்க அடுக்களைப் பரணில் ஏறினேன். உருளிக்குப் பின்னால் ஒரு தகர டின். தொட்டால் இளஞ்சூடு. திறந்தேன். கறுப்பாக, மணிமணியாக மருந்து. நேர் கீழே விறகடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"அடுப்ப அணைம்மா!"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பதறவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததுமே, அவளுக்குத் தெரிந்துதான் இது இங்கே இருக்கிறது என்று விளங்கிவிட்டது.

"மழைக்கு நமுத்துப் போவும்லா மக்ளே. ஒங்க அப்பா இருக்கச்சிலயும் அங்கதான் இருந்து. ஒண்ணும் ஆவல்ல, பாத்தியா?"

இறங்கி, குடத்துத் தண்ணீரை நானே அடுப்பில் கொட்டினேன். டின்னைப் புரைக்குச் சுமந்துபோனேன். அங்கிருந்த மூட்டையைப் பிரித்தால், கடற்கரைக் கருமணல்.

பின்னாலேயே அண்ணன் வந்தான்.

"புரை ஈரம்ட்டி. திருவிழாவுல கதினா புஸ்ஸுன்னு போனா ஊரே சிரிக்கும். ஒன் வாய அடைக்கணும்லா, அதான் சாவியத் தந்தேன்."

"கருமணலு எதுக்கு?"

"நீ மூட்டைல ஓட்ட போட்டு எட்டிப் பாத்தா கறுப்பாத் தெரியாண்டாமா?"

சிரிக்க வேறு செய்தான். ஆசாரியை விரட்டி விரட்டி நான் செய்த பெட்டி, மாதக்கணக்கில் மணலுக்குக் காவல் இருந்திருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பினால் மைனி குழந்தையோடு வாசலில் நின்றாள். அதுவரை அவளுக்கும் ஒன்றும் தெரியாது; என் சத்தம் கேட்டு அம்மாவிடம் விசாரித்திருந்தாள். அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அடுக்களச் சொவர ஒட்டித் தொட்டிலக் கெட்டு, குளுராதுன்னு சொன்னியள. மேல என்ன இருக்குன்னு தெரிஞ்சா சொன்னிய?"

மைனி தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பழி என் தலையில் விழுந்தது. "நல்லாருந்த குடும்பத்தக் கலைச்சிட்டியே" என்று அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள்.

ஒரு வாரம் கழித்து அண்ணன், டின் புரையில்தான் இருக்கிறது, இனி அங்கேதான் இருக்கும் என்று சத்தியம் செய்து மைனியைக் கூப்பிட்டான். மைனி எனக்குப் போன் செய்தாள்.

"நீ பாத்தியா?"

போய்ப் பெட்டியைத் திறந்து, டின்னையும் திறந்து பார்த்தேன். மருந்துதான். "இருக்கு மைனி."

"எல்லாம் இருக்கா? பரண்ல மிச்சம் வச்சிருக்காவளா?"

போனைக் காதில் வைத்தபடியே அடுக்களைக்கு நடந்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏணியை இழுத்துப் பரணில் சாத்தினேன்.