அயர்னிங் செக்சனில் கரைத்த எடை

முதலிபாளையத்தில் முள்ளு மண்டிக் கிடந்த மேட்டில் ஷெட் போட்டேன். ஒத்த நிட்டிங் மிஷினைப் பதினாறாக்கினேன். ரெண்டு பேங்க் மேனேஜர்கள் கையை விரித்த பிறகும் பாய்லர் வைத்து, அயர்னிங், பேக்கிங் எல்லாத்தையும் என் கூரைக்குள்ளேயே கொண்டுவந்தேன். நூல் விலை ஏறி அக்கம்பக்கத்துக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்தபோதும் என் கம்பெனிக் கேட்டைச் சாத்தவில்லை. படிப்பு அஞ்சாம் வகுப்பு. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஒரு கபடி ஆட்டக்காரனையும் நான் உண்டாக்கினேன் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவன் என் மகள் வயிற்றுப் பேரன். கார்னரில் நிற்கிற டிஃபெண்டர். பாடி வருகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், பிடிக்கிறவனுக்கு முழங்கால் தோல்தான் போகும். ஆனாலும் பையன் அந்த வேலையைத்தான் கேட்டு வாங்கினான். எதிராளியின் கணுக்காலைப் பிடித்தானென்றால் குறடு போட்ட மாதிரி. நூல் குடோனில் பாதியைக் காலி செய்து அவனுக்கு மேட் விரித்துக் கொடுத்தேன். ஆட்டம் சொல்லிக்கொடுத்தது கோச்தான், அதில் எனக்குப் பங்கில்லை. பாதி விதி எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தொழில்முறை லீக்கில் ஆடும் ஒரு டீம், தன் இளைஞர் அணிக்கு ஆள் எடுக்கத் திருப்பூருக்கே வந்தது. எண்பது கிலோவுக்கு ஒரு கிராம் கூடினாலும் ஆட்ட மேட் மேல் ஏற விடமாட்டார்கள். வயசுக் கணக்கில் அவனுக்கு அதுதான் கடைசி வருஷம். என் மகளும் கறாராகச் சொல்லிவிட்டாள்: இந்த ஒரு தேர்வு, இதில் எடுக்கவில்லையென்றால் கபடியை மறந்துவிட்டுக் கம்பெனி ஆபீசில் உட்கார வேண்டும்.

ஒரு மாசமாக அவன் தினமும் எடை பார்த்தது எங்கள் பேக்கிங் செக்சன் தராசில். கோச் ஜிம்முக்குக் கூப்பிட்டார். நான் விடவில்லை.

"வெளிநாட்டுக்காரன் ஒத்துக்கிட்ட தராசுங்க இது. ஜிம் தராசுல தக்காளி போட்டு நிறுத்துக்குங்க" என்றேன்.

தேர்வு நாள் காலை ஆறரை மணி. முந்தின நாள் ஷிப்மென்ட் போய்விட்டதால் பேக்கிங் ஹாலில் ஆளில்லை, எல்லாத்தையும் அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தராசுக்கு நானே சுவிட்சைப் போட்டேன். பேரன் ஏறி நின்றான். எண்பத்தொரு கிலோ நூறு கிராம்.

"அப்புச்சி, நேத்து எழுபத்தொம்பது எழுநூறுதானுங்களே?"

"எறங்கி ஏறு கண்ணு."

ஏறினான். அதே நம்பர்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. பேக்கிங்கில் நாங்கள் காலி அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்து அதன் எடையைக் கழித்துவிடுவோம். அப்புறம் சரக்கோடு பெட்டியை ஏற்றினால் சரக்கின் எடை மட்டும் காட்டும். பெட்டி எப்போதும் ஒரே அளவுதான், ஒரு கிலோ நானூறு. தராசு சும்மா இருக்கும்போது கழித்தல் குறியோடு அந்த ஒரு கிலோ நானூறு நின்றுகொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து எங்கள் கண்ணுக்கு அது உறைக்கவே இல்லை. ஒரு மாசமாக என் பேரன் உடம்பிலும் பெட்டியைக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அணைத்துப் போட்டதில் இன்றைக்குத்தான் தராசு நேரானது.

பத்து மணிக்கு எடை பார்ப்பார்கள். போக அரை மணி நேரம்.

அயர்னிங் மாஸ்டர் பாய் ஆறு மணிக்கே வந்து பாய்லரைப் பற்றவைக்கிறவர். இருபது வருஷமாக என்னோடு இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"மொதலாளி, துணி சுருங்காமப் பாத்துக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆளைச் சுருக்கச் சொல்றீங்களே" என்றார். சொல்லிக்கொண்டே ஜன்னல்களைச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார். எல்லா டேபிளிலும் ஸ்டீமைத் திறந்துவிட்டார்.

ஜிப் சரியில்லையென்று திரும்பி வந்த ஃபிலீஸ் ஜாக்கெட்டுகள் கிடந்தன, பனி நாட்டுக்குப் போகவேண்டியவை. அதில் ரெண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, டேபிள்களுக்கு நடுவில் அவனை ஓடவிட்டோம். அரை மணிக்கு ஒருதரம் துடைத்துவிட்டு எடை. எண்பது எழுநூறு. எண்பது நானூறு. எட்டரைக்கு எண்பது இருநூறு. அதோடு நின்றுபோனது. பதினைந்து நிமிஷம் ஓடியும் நம்பர் அசையவில்லை. பையன் டேபிள் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தான்.

"கண்ணு இருட்டுதுங்க அப்புச்சி."

அப்போதுதான் விஷயம் கேள்விப்பட்டு என் மகள் வந்தாள். கதவை அடித்த அடியில் ஷெட்டே அதிர்ந்தது.

"தராசு உங்களுது, வீம்பும் உங்களுது. ஒடம்பு எம்பையனுது. கதவைத் தொறங்கப்பா!"

திறந்தேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. "போதும் கண்ணு, கழட்டு, போனாப் போகுது" என்றேன். என் வாயால் அப்படி ஒரு வார்த்தை அதுவரைக்கும் வந்ததில்லை.

அவன் கழற்றவில்லை. "அம்மா, ஒரு இருவது நிமிஷமுங்க" என்றான்.

பாய் நடுவில் வந்தார். "ஓட வேண்டாம். உக்காந்தே இருக்கட்டும். நான் நாடியப் புடிச்சுக்கறேன். தப்பாத் தெரிஞ்சா நானே தூக்கிட்டு வெளிய போயிருவேன்." மகள் அவன் பக்கத்தில் அந்த ஆவியிலேயே உட்கார்ந்தாள். நான் கடிகாரத்தையும் அவன் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது அஞ்சுக்கு எண்பது சுத்தமாக நின்றது. ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை. எங்கள் தராசும் அவர்கள் தராசும் இருபது கிராம் மாறினாலும் கதை முடிந்தது. காரில் ஏசியைப் போடாமல், கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்னும் கொஞ்சம் குறையட்டுமென்று அவன் துண்டில் எச்சில் துப்பிக்கொண்டே வந்தான்.

அங்கே எழுபத்தொம்பது தொள்ளாயிரத்து ஐம்பது என்று சத்தமாக வாசித்தார்கள். மகள் அதுக்குள் உப்புக் கஞ்சியும் இளநீரும் நீட்டினாள்.

முதல் பிடியில் கை வழுக்கியது. ரெண்டாவதில் கால் நடுங்கி, பிடிக்கவே போகவில்லை. தேர்வு செய்ய வந்தவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஏதோ குறித்தார். மூணாவது ஆள் கோட்டை நோக்கித் திரும்பினான். பையன் விழுந்து கணுக்காலைப் பிடித்தான். இழுபட்டான், விடவில்லை. அதுக்கப்புறம் அவன் பக்கம் வந்த ஒருத்தனும் திரும்பிப் போகவில்லை. சாயங்காலம் வாசித்த பட்டியலில் அவன் பேர் இருந்தது.

இப்போது அதே டீமின் பெரிய அணியில் ஆடுகிறான். பேப்பரில் பேட்டி வந்தது. கோச்சின் பயிற்சியாம், அம்மாவின் பிரார்த்தனையாம், குடும்பத்தின் ஒத்துழைப்பாம். போன் போட்டுக் கேட்டேன்.

"அயர்னிங் செக்சனைப் பத்தி ஒரு வரி இல்லையே கண்ணு?"

"அதைச் சொன்னா தராசுக் கதையும் சொல்லோணுமுங்க அப்புச்சி. உங்களுக்குத்தான் அசிங்கம்."

எனக்கு ஒரு அசிங்கமுமில்லை. தப்பு நான் பண்ணினது. அந்த ரெண்டரை மணி நேரத்தில் அதைச் சரி பண்ணினதும் நான், என் பாய்லர், என்னுடைய பாய். ரெண்டையும் சேர்த்தே எழுதட்டும். ஒத்துழைப்பு என்ற ஒத்தை வார்த்தைக்குள் என்னை அடக்க வேண்டாம். இனி எவன் மைக்கை நீட்டினாலும், அன்றைக்குத் தன்னை மேட் மேல் ஏற்றிவிட்டது தன் அப்புச்சி என்று என் பேரைச் சொல்லி அவன் சொல்லவேண்டும். அதைப் பேப்பரில் அச்சில் பார்க்காமல் நான் ஓயமாட்டேன்.