அழச் சொன்னார்கள், வளையல் போட்டுக்கொண்டேன்

போன வருஷம் கோடையில், எல்லையில் சண்டை மூண்டிருந்த நேரம். நான் பாகூரில் மாமியார் வீட்டில் இருந்தேன். ஏழு மாதக் கர்ப்பம். என் கணவர் விமானப்படையில் டெக்னீஷியன். கேட்கிறவர்கள் எல்லாரும் "பிளேன் ஓட்டுறாரா?" என்பார்கள். ஓட்டுகிறவர் இல்லை. ஓட்டுகிறவர் ஏறுவதற்கு முன்னால் அதன் அடியில் புகுந்து எல்லாவற்றையும் சரிபார்த்து அனுப்புகிறவர்களில் ஒருவர். எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாகச் சீருடை போட்டவரும் அவர்தான்.

சண்டை வரும் என்ற பேச்சு கிளம்பியதுமே மேற்கே ஒரு முகாமுக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டதால், அவர் கடிதம் எழுத ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு முன்னால்கூட எனக்கு ஒரு வரி எழுதாத மனுஷன்!

அந்தக் கடிதங்களில் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. சோற்றில் மணல், போர்வையில் மணல், காதுக்குள் மணல். பூட்ஸைக் கழற்றாமலே தூங்கப் பழகியது. விளக்குப் போடக் கூடாது என்பதால் இருட்டிலேயே சாப்பாடு. 'ஆனால் கஷ்டமில்லை, எதைத் தொட்டாலும் உருளைக்கிழங்குதான்' என்று எழுதியிருந்தார். பக்கத்துக் கட்டில் பஞ்சாபிக்காரர் "இன்னாபா" சொல்லக் கற்றுக்கொண்டாராம். கடைசியில் எப்போதும் இரண்டு கேள்வி: குழந்தை உதைக்கிறதா, அம்மா முட்டிவலி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. நான் உரக்கப் படிப்பேன். "உருளைக்கிழங்கு வாயுவாச்சே, பூண்டு சேத்துக்கச் சொல்லி எழுதுடி" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு வளைகாப்பு வைத்திருந்தோம். அதற்கு முந்தின நாள் காலையில் என் கணவரின் பெரியம்மா போனைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டே ஓடி வந்தார். போனில் ஒரு வீடியோ. ஏதோ ஒரு விமானத் தளம் எரிகிறது. கீழே என் கணவர் இருக்கும் ஊரின் பெயர்.

குடும்பத்தினர் பேசுவதற்கென்று விமானப்படையில் கொடுத்திருந்த எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். லைன் கிடைக்கவே இல்லை. அதற்குள் வீடு நிறைந்துவிட்டது. யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் என் கழுத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேதி தெரியாம வளையல் ஏத்தறது நல்லதில்லமா. தள்ளி வெச்சிடலாம்" என்றார்.

அப்போதுதான் மைக்கும் கேமராவுமாக ஒருவர் உள்ளே நுழைந்தார். ஏதோ யூடியூப் சேனலாம். மாமியார் அடுப்பங்கரையில் மறுநாள் சாதத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். வந்தவர் நேராக அங்கே போய் மைக்கை நீட்டி, "பையனப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்கமா, கொஞ்சம் உருக்கமா" என்றார்.

மாமியார் புளிக் கையோடு எழுந்தார்.

"இன்னாடா உருக்கம்? எம்புள்ளைக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு உனுக்கு எவன் சொன்னான்? கவர்மெண்டு சொன்னாங்களா? மொதல்ல வூட்ட உட்டு வெளிய போ!"

"ஊரே பேசுதுமா..."

"ஊரு பேசும். நீ நட!"

மைக்கைப் புளிக் கையாலேயே தள்ளிவிட்டார். வந்தவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே வெளியேறினார்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "நாளைக்கு வளைகாப்பு நடக்கும். சாப்பிட வர்றவங்க வாங்க. அழ வர்றவங்க தயவு செஞ்சு வராதீங்க."

பெரியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அதன்பிறகு அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மாமியார் பக்கத்தில் வந்து, "உனக்கு நம்பிக்க இருக்காடி?" என்று கேட்டார்.

"தெரியல அத்தை."

"எனக்கும் தெரியல. வா, புளியக் கரைச்சு முடிப்போம்."

வெள்ளிக்கிழமையும் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். பெரியம்மாவும் வந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு எனக்குச் சந்தனம் பூசி முதல் வளையலை ஏற்றினார். நான் சிரித்தபடிதான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வளையலும் கையில் ஏறும்போது, வாசலில் ஏதாவது வண்டி வந்து நிற்கிறதா என்றுதான் காது போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அவர்தான். வீடியோ விஷயமே அவருக்குத் தெரியாது. "வளையல் போட்டாச்சா?" என்று கேட்டார். நான் கையைப் போன் பக்கத்தில் வைத்துக் குலுக்கினேன். மாமியார் போனைப் பிடுங்கி, "மாத்திர போட்டேன்டா, போட்டேன்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதார்.

குழந்தை பிறந்து அவர் லீவில் வந்தபோது அந்த நாட்களைப் பற்றி மெல்லக் கேட்டேன். அந்த வாரம் அவர்கள் இருந்த இடத்துக்கு அருகிலும் குண்டு விழுந்திருக்கிறது. பதுங்குகுழியில் உட்கார்ந்துதான் ஒரு கடிதத்தையே எழுதினாராம். "அப்புறம் ஏன் உருளைக்கிழங்கப் பத்தியே எழுதினீங்க?" என்றேன். "குண்டு போடறவன் என் லெட்டர்ல வேற வந்து உக்காரணுமா? எடம் தரமாட்டேன்" என்று சிரித்தார்.

இப்போது மகளுக்கு நடை வந்துவிட்டது. அவர் மறுபடி முகாமில் இருக்கிறார். எல்லையைப் பற்றி டிவியில் ஏதாவது வந்தால் இன்றும் கை வேலையை விட்டுவிட்டு அதன் முன்னால் போய் நிற்கத்தான் செய்கிறேன். ஆனால் நான் எப்போது அழ வேண்டும் என்று நாள் குறிக்கும் உரிமையை அந்தக் கோடைக்குப் பிறகு நான் யாருக்கும் கொடுத்ததில்லை.