எழுபதுக்குக் கீழே இறங்காத தொட்டி

எங்கள் வீட்டுக் கழிவறையில் உட்கார்ந்திருப்பவர் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கையை உயர்த்தி வீச வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு அணைந்துவிடும். பழனிசெட்டிபட்டி நிறுத்தத்தில் நிற்காமல் போகிற பேருந்தை மறிப்பதுபோல, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வீச்சு. பின்லாந்து நாட்டு வழக்கம் போலிருக்கிறது என்று ஊரில் இருப்பவர்கள் நினைத்துவிட வேண்டாம். ஆள் அசைந்தால் விளக்கு எரியவும், அசையாவிட்டால் அணையவும் நிரல் எழுதியது நான்தான். அடுப்படி விளக்குக்கும் அதே நிரல்தான். அலுவலகத்தில் நாள் முழுக்க நிரல் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து பொழுதுபோக்குக்கும் அதையே எழுதுகிற ஜாதி நான். சமையல்காரர் விடுமுறை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் சமைப்பது மாதிரி. “அசையாம இருந்தா ஆளே இல்லைன்னு முடிவு பண்ணிருது பாருங்க. அதுக்காவது உங்களப் பத்தித் தெரிஞ்சிருக்கு” என்பது என் மனைவி கலாவின் மதிப்புரை.

நாங்கள் இருக்கும் ஔலு நகரம் பின்லாந்தில் வடக்கே வெகுதொலைவில் இருக்கிறது. குளிர்காலத்தில் காலை பத்து மணிக்கு மேல் விடிந்து மதியம் இரண்டு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். விளக்கு வெளிச்சத்தில்தான் பிழைப்பு. கழிவறை ஜன்னல் பனி படிந்த கண்ணாடி. உள்ளே இருப்பவரின் நிழல் மட்டும் வெளியே தெரியும். கீழ்வீட்டில் ஈரோ என்று ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற பிளம்பர். தினமும் காலையில் முற்றத்துப் பனியை வாரிப் போடுவார். நான் வந்த முதல் குளிர்காலம் முழுக்க, மேலே ஒரு நிழல் தனக்குக் கை காட்டுவதாக நினைத்து அவரும் மண்வாரியை நிறுத்திவிட்டு எனக்குக் கை காட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோடு மூன்று வருடம் பேசாமலே சுமுகமாக வாழ்கிற நாடு இது. “இந்தியர்கள் மிகவும் நட்பானவர்கள். தினமும் காலை ஏழேகாலுக்கு” என்று அவர் படிக்கட்டில் வைத்துச் சொன்னபோது, எனக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

ஊரில் நான் செய்து வைத்திருந்த காரியத்தையும் ஈரோவிடம் பெருமையாகச் சொன்னேன். என் ஊர் மார்க்கையன்கோட்டை. அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருக்கிறார். போன விடுமுறையில் அந்த வீட்டையும் நான் நவீனமாக்கிவிட்டு வந்தேன். வாசல் கதவு திறந்தால் என் போனுக்குச் செய்தி வரும். மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு அடியில் ஒரு சென்சார். தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று அளந்து சதவீதமாகச் சொல்லும். அடுப்படிச் சுவரில் ஒரு பெட்டி. நான் ஔலுவில் பொத்தானை அழுத்தினால் அந்தப் பெட்டி ‘டொக்’ என்று ஒரு சத்தம் போட்டு மோட்டாரை ஓட்டும். தொட்டி நிறைவதற்கு நாலு விரல் முன்னால் தானே நிறுத்தும். ஒரு சொட்டு வீணாகாது. தினமும் காலை ஏழு மணிக்குக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அழுத்துவேன். அங்கே அப்போது பத்தரை, கோடையில் ஒன்பதரை. கடல் கடந்து இருந்தாலும் அம்மாவுக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுக்கிற பிள்ளை என்ற நினைப்பே காப்பிக்குச் சர்க்கரை.

ஆனால் ஒளிக்காமல் சொல்வதென்றால், இதையெல்லாம் நான் செய்தது அம்மாவுக்காக மட்டும் அல்ல. சுருளிக்காகவும்தான்.

சுருளி என் அத்தை மகன், என் வயதுக்காரன், அடுத்த தெருவில் இருக்கிறான். எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் காயில் சுற்றிக் கட்டுகிறவன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் நிற்கும். அம்மாவோடு போனில் பேசினால் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் அவன்தான். “சுருளி வந்தான், பேனு சத்தம் போட்டுச்சுன்னு பாத்தான்.” “சுருளிதான் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான்.” “நேத்துக் கருவாட்டுக் குழம்பு வச்சேன், சுருளி ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டான்.” அந்தக் கருவாட்டுக் குழம்பு என்னுடையது. சின்ன வயதில் சட்டியை வழிக்கும் உரிமை எனக்கு மட்டுமே இருந்தது. இப்போது ஔலுவில் கருவாடு வறுத்தால் தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்று கலா பயப்படுகிறாள். அங்கே அவன் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடுகிறான். வாசல் கதவில் சென்சார் வைத்தது பாதுகாப்புக்கு என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் அவன் எத்தனை தடவை வருகிறான், எவ்வளவு நேரம் உட்கார்கிறான் என்று தெரிந்துகொள்ளத்தான். தெரிந்துகொண்டேன். சராசரி நாற்பது நிமிடம். வயிற்றெரிச்சலை அளக்க மட்டும் இன்னும் சென்சார் வரவில்லை. வந்திருந்தால் என்னுடையதும் தொட்டி மாதிரி எப்போதும் முக்கால்வாசிக்கு மேலேயே நின்றிருக்கும்.

விடுமுறையில் அந்தத் தொட்டிச் சென்சாரை மாட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் சுருளிதான். மேலே நான் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, கீழே இருந்து கேட்டான்.

“மாப்ள, நிறைய விடாம நிப்பாட்டுனா, நிறைஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?”

“போன்ல தெரியும் மச்சான்.”

“போன்ல சரி. பின்னால எப்படித் தெரியும்?”

“பின்னாலன்னா?”

அவன் வீட்டின் பின்பக்கம் கண்ணைக் காட்டினான். தொட்டி வழிகிற குழாய் அந்தப் பக்கம்தான் இறங்குகிறது. நான் ஏணியில் நின்றபடியே, தண்ணீரை வழியவிடுவது எத்தனை பெரிய பாவம், பின்லாந்தில் ஆயிரம் ஏரி இருந்தும் குழாயை எப்படி மூடுகிறார்கள் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவன் டெஸ்டரால் காதைக் குடைந்துகொண்டு கேட்டான். “சரி மாப்ள, நீ படிச்சவன்” என்றான். எங்கள் பக்கத்தில் இந்த வாசகத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா என்ன. அன்றைக்குத் தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து, சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரோவைக் காப்பிக்கு அழைத்து மடிக்கணினியில் அந்தத் தொட்டியின் வரைபடத்தைக் காட்டினேன். பாருங்கள், எட்டு மாதத்தில் ஒருநாள்கூட எழுபதுக்குக் கீழே இறங்கியதில்லை என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, “உன் அம்மா குளிப்பதில்லையா?” என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் இரண்டு வேளையும் குளிப்போம் என்று சற்றுச் சூடாகவே சொன்னேன். அவர் கோபத்தைக் கவனிக்கவில்லை. கோடு மேலே ஏறுகிற இடத்தில் விரலை வைத்தார். “எழுபதிலிருந்து நூறு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நல்ல பம்ப்.” எங்கள் ஊர் மோட்டார் என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “முன்னூறு லிட்டர், ஒரு நிமிடத்துக்குள். வீட்டுக்குத் தீயணைப்பு நிலையத்திலிருந்து குழாய் போட்டிருக்கிறீர்களா?” என்றார். அவர் கேலி செய்யவில்லை. நாற்பது வருடம் குழாய் மாட்டியவர், கணக்கு உதைக்கிறது என்கிறார். கடைசியில் “நோ நீன்” என்று காப்பியை எடுத்துக்கொண்டார். பின்லாந்துக்காரர்கள் பெண் பார்க்கப் போனாலும், பிணத்தை எடுத்தாலும் சொல்கிற சொல் அது. ‘ஆகட்டும், அப்புறம்?’ என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் நான் சுருளியை வீடியோவில் கூப்பிட்டேன். கதவுச் செய்திப்படி அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான்.

“மச்சான், தொட்டியில இப்ப எவ்வளவு தண்ணி இருக்கு?”

“ஒன் போன்ல பாரு மாப்ள. அதுக்குத்தான வச்சிருக்க.”

“பாத்தேன். எழுபத்தெட்டு.”

“அப்ப எழுபத்தெட்டுதான்.”

“சென்சாரக் காட்டு.”

திரையில் கொஞ்ச நேரம் அவனுடைய சட்டைப் பையும் டெஸ்டரும் மட்டும் தெரிந்தன. பிறகு குரல் மட்டும் கேட்டது. “அத்தே, இங்கன வாங்க. மாப்ளைக்குத் தெரிஞ்சுபோச்சு.”

போன் அடுப்படியைக் கடந்து பின்வாசலுக்குப் போனது. அங்கே நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. பக்கத்தில் நட்டிருந்த குழாயின் நுனியில் சணல் கயிற்றால் கட்டப்பட்டு, மீனுக்குக் காத்திருக்கும் கொக்கு மாதிரி, என் சென்சார் வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு மீட்டர் ஆழத் தொட்டிக்கு எழுதிய நிரல் அது. வாளியோ முழங்கால் உயரம்கூட இல்லை. காலியானாலும் எழுபதுதான் காட்டும்.

நடந்தது இதுதான். தொட்டி வழிகிற தண்ணீர் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டியில் விழும். பின்வீட்டுப் பேச்சியம்மாவின் மாடு அதில்தான் குடிக்கும். இதை யாரும் யாரிடமும் கேட்டதில்லை, கொடுத்ததில்லை. வழிகிற சத்தம் கேட்டால் அம்மா மோட்டாரை நிறுத்துவார், பேச்சியம்மா மாட்டை அவிழ்ப்பார். என் நிரல் வந்த பிறகு தொட்டி வழியவே இல்லை. ஊரில் வாயில்லாச் சீவனுக்குத் தண்ணீரை அடைப்பது லேசான காரியம் இல்லை.

“பேச்சியம்மா மூணு நாளு மூஞ்சி குடுக்கல” என்றார் அம்மா. “மகன் வெளிநாட்டுல இருக்காம்ல, தண்ணியக்கூட அளந்துதான் விடுவாகன்னு தெருவுல பேசுனாக. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்கன போறது?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா.”

“நீ ஏணில நின்னு பேசுன பேச்சுக்கு, ஒங்கிட்ட யாரு சொல்றது?”

சுருளி குறுக்கே வந்தான். “மொதல்ல கழட்டித்தான் வச்சேன் மாப்ள. அன்னைக்கு ஒரே நாள்ல பதினோரு தடவ போன் போட்ட. சென்சாரு செத்துப்போச்சு, அம்மாவுக்கு என்னாச்சுன்னு. அத்தைதான், பய பதறுறான், அதுக்கும் எதுலயாவது கொஞ்சம் தண்ணியக் காட்டிருவோம்னு சொன்னாக.”

“மோட்டாரு?”

“அத ஒன் பெட்டியில இருந்து பிரிச்சு, சுவிட்சுல நேரா குடுத்துட்டேன். ஒன் பெட்டியில டொக்குன்னு சத்தம் மட்டும் வரும். சத்தம் கேட்டா அத்தை ஒரு நாலு செம்பு ஊத்துவாக. அப்புறம் பாத்திரம் கழுவ அதையே மோந்துக்குவாக.”

இதைப் படிக்கும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஒரு நிமிடம் என்னோடு நிற்க வேண்டும். எட்டு மாதமாக நான் பொத்தானை அழுத்தியபோது ஓடியது மோட்டார் இல்லை, அம்மா. முட்டி வலிக்காரி, அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுச் செம்போடு ஓடியிருக்கிறார். எனக்கு முதலில் வந்தது வெட்கம் என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். முதலில் வந்தது பொறாமை. எட்டு மாதம் அவர்கள் இரண்டு பேரும் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். தினமும் ஒரு டொக், நாலு செம்பு, ஒரு சிரிப்பு. அதில் எனக்குப் பங்கில்லை. நான்தான் அந்த ரகசியம்.

அதோடு விட்டானா. “மாப்ள, தப்பா நினைக்காத. நிறைஞ்சு வழிய ஆரம்பிச்சு அஞ்சு நிமிசம் கழிச்சு நிக்கிற மாதிரி எழுதிருந்தா, மாடும் குடிச்சிருக்கும், ஒன் பெட்டியும் ஓடிருக்கும். ஒரு வரி இருக்குமா?”

ஒரு வரிதான். பதினைந்து வருடமாக நிரல் எழுதுகிறேன். எனக்குத் தோன்றாத ஒரு வரி, டெஸ்டரால் காது குடைகிறவனுக்குத் தோன்றியிருக்கிறது. அன்று மாலையே எழுதினேன். இரண்டு நாளில் அவன் புதிதாக ஒரு சென்சாரும் பெட்டியும் வாங்கித் தொட்டிக்கும் மோட்டாருக்கும் மாட்டினான். இப்போது அது பாட்டுக்குத் தானே ஏறி, தானே வழிந்து, ஐந்து நிமிடம் கழித்துத் தானே நிற்கிறது. பேச்சியம்மா அம்மாவுக்குச் சீம்பால் கொடுத்தனுப்பியிருக்கிறார். சீம்பாலிலும் சுருளிக்குப் பங்கு போனதாகக் கேள்வி.

இனி அந்தப் பழைய பெட்டியையும் வாளியையும் கழற்றிவிடலாம், செம்போடு ஓட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

“அது கெடக்கட்டும்டா. அதுபாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கு.”

“எதுக்கும்மா? சும்மா ஒரு சத்தம்.”

“அந்தச் சத்தம் கேட்டாத்தான் நீ எந்திரிச்சுட்டன்னு தெரியும்.”

மடிக்கணினியில் அந்த வரைபடத்தின் பெயரைத் ‘தொட்டி’ என்பதிலிருந்து ‘வாளி’ என்று மாற்றினேன். எங்கள் ஔலு அடுப்படியில் ஜன்னலோரம் ஒரு சின்ன மஞ்சள் விளக்கை வைத்து, வாளியில் தண்ணீர் ஏறினால் அது எரியும்படி எழுதினேன். கலா அந்த விளக்கைத் துடைக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனமாகத் துடைக்கிறாள். அம்மா ஊற்றுவது வரைபடத்தில் படிக்கட்டு மாதிரி இருக்கும். ஒரு செம்பு, ஒரு படி. நடுவில் ஒரு மூச்சு. நாலு படி ஏறியதும் நின்றுவிடும்.

போன செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல அழுத்தினேன். வெளியே கும்மிருட்டு. கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது. ஆனால் வரைபடத்தில் படிக்கட்டு இல்லை. செங்குத்தாக ஒரே கோடு, எழுபதிலிருந்து நூறு, ஒரு குடத்தை அப்படியே கவிழ்த்தது மாதிரி. கதவுச் செய்தியைப் பார்த்தேன்: பத்து இருபதுக்குத் திறந்திருக்கிறது. அம்மா முதல்நாளே கெங்குவார்பட்டிக்கு ஒரு விசேஷத்துக்குப் போவதாகச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ‘அவன் அமுக்குவான், நீ போயி ஊத்திரு’ என்று சுருளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். வேலையைப் போட்டுவிட்டு வந்து, அடுப்படியில் நின்று, ஒரு டொக் சத்தத்துக்காகப் பத்து நிமிடம் காத்திருந்திருக்கிறான் பாவி. எனக்குத் தண்ணீர் ஊற்றுவதைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

காப்பி ஆறும்வரை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று நிமிடம் அசையவில்லை போலிருக்கிறது. ஆள் இல்லை என்று முடிவு செய்து, நான் எழுதிய நிரல் அடுப்படி விளக்கை அணைத்தது. ஜன்னலோரம் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. கீழே ஈரோ பனி வாருகிற சத்தம் கேட்டது. நான் கையை வீசவில்லை.